பழைய கணிப்பொறிக்குப் புதிய பிராசசர்
(விளையாட்டுக்காகக் கணிப்பொறியை மேம்படுத்த எண்ணும் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்)

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்களில் இப்போது அடிக்கடி எழும் வழக்கு ஒன்று உண்டு. "கம்ப்யூட்டர் பழசாயிடுச்சு, கேம் விட்டு விட்டு ஓடுது, புதுசு வாங்கணும்" என்பது பிள்ளைகளின் வாதம். "வாங்கி ஏழெட்டு வருஷம்தானே ஆச்சு, பேங்க் வேலை, பாட்டு, படம் எல்லாம் நல்லாத்தானே ஓடுது" என்பது பெற்றோரின் மறுப்பு. இரு பக்கமும் நியாயம் இருப்பதால் வழக்கு முடிவதில்லை. கடைசியில் நேரு பிளேஸிலோ, லாமிங்டன் ரோட்டிலோ, எஸ்.பி. ரோட்டிலோ உள்ள ஒரு கடைக்காரர் நீதிபதி ஆகிவிடுகிறார். அவர் விற்பவர். விற்பவரிடமே "வாங்கலாமா?" என்று கேட்டால் என்ன தீர்ப்பு வரும் என்பது, நாற்பது ஆண்டுகளாகக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரியாததல்ல.

கணிப்பொறி என் தொழில் அல்ல. பேரப் பிள்ளைகளுக்காகப் படிக்கத் தொடங்கி, பிறகு படிப்பின் சுவைக்காகவே தொடர்ந்தேன். அவ்வகையில் தெரிந்துகொண்டதை இங்கே முறைப்படுத்தித் தருகிறேன். சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான்: எந்த உறுப்பு தாமதிக்கிறது என்று வீட்டிலேயே அளந்து பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும். அப்படி அளந்தால் சில வீடுகளில் பிராசசர் ஒன்றை மாற்றினாலே போதும் என்று தெரியும்; சில வீடுகளில் அதுகூடத் தேவைப்படாது; சில வீடுகளில் அது வீண் செலவு என்று தெரிந்துவிடும்.

சொற்களைப் பற்றி ஒரு குறிப்பு. பிராசசருக்குத் தமிழில் 'செயலி' என்றும் 'நுண்செயலி' என்றும் எழுதிவந்தோம். ஆனால் இன்று கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் ஆப்புக்கும் 'செயலி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. குழப்பம் வேண்டாம் என்று இக்கட்டுரையில் 'பிராசசர்' என்றே எழுதுகிறேன். நம் வீடுகளில் மேசைக்குக் கீழே நிற்கும் பெட்டி முழுவதையும் 'சி.பி.யூ.' என்கிறோம். அது பேச்சு வழக்கு. உண்மையில் சி.பி.யூ. என்பது அந்தப் பெட்டிக்குள், மதர்போர்டின் மேல், கூலர் விசிறிக்கு அடியில் ஒளிந்திருக்கும் உள்ளங்கையைவிடச் சிறிய ஒரு சதுரம். "சி.பி.யூ. மாத்தணும்" என்று கடையில் சொன்னால் அவர் பெட்டியையே மாற்றிக் கொடுக்க வாய்ப்புண்டு. "பிராசசர் மட்டும்" என்று அழுத்திச் சொல்லுங்கள்.

வேகம் நின்ற கதை

இன்டெல் நிறுவனம் 1971-ல் வெளியிட்ட 4004 என்ற சில்லுதான் வணிகமுறையில் விற்கப்பட்ட முதல் நுண்செயலி என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் கால்குலேட்டருக்காக உருவானது அது. அதில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. சில்லில் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என்று கார்டன் மூர் 1965-ல் கணித்திருந்தார். 1975-ல் அதையே 'இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை' என்று திருத்தினார். அடுத்த முப்பது ஆண்டுகள் எண்ணிக்கையோடு வேகமும் ஏறியது. ஆகவே 'எத்தனை மெகாஹெர்ட்ஸ்?' என்று கேட்டு வாங்குவது அந்நாளில் சரியான வழியாக இருந்தது.

அந்த ஓட்டம் 2004-ல் முட்டி நின்றது. பென்டியம் 4 அவ்வாண்டு 3.8 கிகாஹெர்ட்ஸைத் தொட்டது. அடுத்து வர வேண்டிய 4 கிகாஹெர்ட்ஸ் சில்லை இன்டெல் அதே ஆண்டில் கைவிட்டது. காரணம் வெப்பம். அடுப்பை இன்னும் கொஞ்சம் கூட்டினால் பாத்திரமே உருகும் என்ற நிலை. அதன் பிறகு பொறியாளர்கள் மூன்று வேறு வழிகளில் முன்னேறினார்கள். முதலாவது, ஒரே சில்லில் பல 'கோர்'களை, அதாவது பல வேலையாட்களை, வைப்பது. இரண்டாவது, ஒவ்வொரு துடிப்பிலும் அதிக வேலை செய்ய வைப்பது. மூன்றாவது, தேவையான தரவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ளும் 'கேஷ்' நினைவகத்தைப் பெருக்குவது.

இதனால்தான் கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பார்த்தால் இன்று ஏமாறுவோம். ஓர் எடுத்துக்காட்டு: ஏ.எம்.டி.யின் ரைசன் 5 2600 வந்தது 2018-ல். ஆறு கோர்கள், உச்ச வேகம் 3.9 கிகாஹெர்ட்ஸ். ரைசன் 5 5600 வந்தது 2022-ல். அதற்கும் ஆறு கோர்கள்தான், உச்ச வேகம் 4.4. மேலோட்டமாகப் பார்த்தால் 13 சதவீத வித்தியாசம். ஆனால் இடையில் வந்த இரண்டு தலைமுறைகளில் ஒரு துடிப்புக்கான வேலை முறையே 15 சதவீதமும் 19 சதவீதமும் கூடியதாக அந்நிறுவனம் அறிவித்தது. மூன்றையும் பெருக்கினால் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வருகிறது. இது விற்பவரின் கணக்கு; எல்லா விளையாட்டிலும் அப்படியே கிடைக்காது. ஆனாலும் எண்ணிக்கையில் தெரியாத வளர்ச்சி உள்ளே எவ்வளவு நடந்திருக்கிறது என்பதற்கு இது சான்று.

ஒரு காட்சியை வரைபவர் யார்?

கணிப்பொறி விளையாட்டு என்பது சினிமாவைப் போல நொடிக்குப் பல நிலைப்படங்களை அடுத்தடுத்துக் காட்டுவது. ஒரு படத்துக்கு 'பிரேம்' என்று பெயர். நொடிக்கு எத்தனை பிரேம் என்பதைத்தான் பிள்ளைகள் 'எஃப்.பி.எஸ்.' என்கிறார்கள். சினிமாவில் படங்கள் முன்பே எடுக்கப்பட்டவை. விளையாட்டில் ஒவ்வொரு பிரேமையும் அந்தந்த நொடியில் புதிதாகச் செய்ய வேண்டும். நொடிக்கு 60 பிரேம் வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் கிடைக்கும் அவகாசம் 16.7 மில்லிசெகண்ட். 144 பிரேம் வேண்டுமானால் 6.9 மில்லிசெகண்ட்.

இந்தப் பிரேமை இரண்டு பேர் சேர்ந்து செய்கிறார்கள். பிராசசர் முதலில் கணக்குப் போடுகிறது: ஆட்டக்காரர் எங்கே நிற்கிறார், எதிரிகள் என்ன செய்கிறார்கள், விட்ட பந்து எங்கே விழும், இணையத்தில் வந்த செய்தி என்ன. போட்டு முடித்ததும் 'இன்னின்னதை வரை' என்ற கட்டளைப் பட்டியலைக் கிராபிக்ஸ் கார்டிடம் தருகிறது. வண்ணம், வெளிச்சம், நிழல் எல்லாம் சேர்த்துப் படத்தை வரைவது கார்டின் வேலை. கார்டு ஒரு பிரேமை வரையும்போதே பிராசசர் அடுத்ததன் கணக்கைத் தொடங்கிவிடும்.

நம் கடை வழக்கில் சொன்னால், ஒருவர் எடை போடுகிறார், மற்றவர் பொட்டலம் கட்டுகிறார். ஒரு மணி நேரத்தில் எத்தனை வாடிக்கையாளரை அனுப்பலாம் என்பதை இருவரில் மெதுவானவரே தீர்மானிக்கிறார். எடைக்காரருக்கு 14 மில்லிசெகண்ட், கட்டுபவருக்கு 10 மில்லிசெகண்ட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு சுமார் 71 பிரேம் வரும். இப்போது பெரும் பணம் கொடுத்து, 5 மில்லிசெகண்டில் கட்டும் கார்டை வாங்கிப் போட்டாலும் அதே 71-தான். பழைய கார்டை அப்படியே விட்டு, பிராசசரை 8 மில்லிசெகண்டில் முடிப்பதாக மாற்றினால் 100 பிரேம் வரும். அதற்கு மேல் போகாது. ஏனென்றால் இப்போது மெதுவானவர் கட்டுபவர்.

விஷயம் முழுதும் இந்தச் சிறிய கணக்கில் அடங்கியிருக்கிறது. 'எது நல்ல பிராசசர்' என்பதைவிட 'என் வீட்டில் மெதுவானவர் யார்' என்பதே முதற் கேள்வி.

நோய் எங்கே என்று பார்க்கும் முறை

கடைக்குப் போவதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை இந்தச் சோதனைகளைச் செய்யுங்கள். செலவு எதுவும் இல்லை. பிள்ளைகளையே செய்யச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.

முதலில் மானிட்டர். அது 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் நொடிக்கு 60 படத்துக்கு மேல் அதனால் காட்ட முடியாது. ஆட்டம் ஏற்கெனவே தடையின்றி 60-ல் ஓடினால், புதிய பிராசசர் தரும் உயர்வில் பெரும்பகுதியைக் கண்ணால் காண முடியாது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கிவிட்டு, விண்டோஸ் அமைப்பில் 60-லேயே விட்டுவைத்திருக்கும் வீடுகளும் உண்டு. மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் சொருகாமல் மதர்போர்டில் சொருகியிருப்பதும் உண்டு. இவற்றை முதலில் பாருங்கள்.

இரண்டாவது, தெளிவுத்திறன் சோதனை. விளையாட்டின் அமைப்பில் 1920×1080 என்று இருப்பதை 1280×720 ஆகக் குறைத்து அதே இடத்தில் ஆடிப் பார்க்கச் சொல்லுங்கள். படம் சிறுத்ததால் வரைபவரின் வேலை பாதிக்கும் கீழே குறைந்துவிட்டது. அப்படியும் எஃப்.பி.எஸ். ஏறவில்லை என்றால் தாமதம் பிராசசர் பக்கம். நன்றாக ஏறினால் தாமதம் கார்டின் பக்கம். அப்போது பிராசசருக்குச் செலவு செய்யாதீர்கள்.

மூன்றாவது, உழைப்பின் அளவு. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரிலேயே இதைப் பார்க்கலாம். எம்.எஸ்.ஐ. ஆஃப்டர்பர்னர் போன்ற இலவச மென்பொருள் ஆட்டத்தின் நடுவிலேயே திரையில் காட்டும். கார்டு 95 சதவீதத்துக்கு மேல் உழைத்தால் அதுதான் எல்லை. கார்டு 60, 70 சதவீதத்தில் சும்மா இருக்கிறது என்றால் அது பிராசசருக்காகக் காத்திருக்கக் கூடும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிராசசரின் உழைப்பு 40 சதவீதம் என்று காட்டுவதைப் பார்த்து 'இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கே' என்று எண்ணிவிடக் கூடாது. அது எல்லாக் கோர்களுக்கும் சேர்த்த சராசரி. பன்னிரண்டு இழைகள் ஓடும் பிராசசரில் ஓர் இழை முழுமூச்சாக ஓடினாலும் சராசரியில் 8 சதவீதமாகத்தான் தெரியும். பல விளையாட்டுகளில் முக்கிய வேலை ஓரிரு இழைகளின் தலையில்தான் விழுகிறது. எடை போடும் தராசு ஒன்றே இருக்கும்போது கடையில் ஆறு ஆள் நின்றாலும் வரிசை நகராது.

நான்காவது, சராசரியை மட்டும் பார்க்காதீர்கள். சராசரி 90 இருந்தும், கூட்டமான காட்சியில் திடீரென்று 30-க்கு விழுந்தால் கண்ணுக்குத் தெரிவது அந்த விழுச்சிதான். இதை அளக்க 'ஒரு சதவீத லோ' என்ற எண்ணை அந்த மென்பொருள்கள் காட்டும். பழைய பிராசசரின் முதுமை பெரும்பாலும் இங்கேதான் வெளிப்படும்.

ஐந்தாவது, வெப்பமும் மெமரியும். தில்லி, நாக்பூர், ஜெய்ப்பூர் கோடையில் அறையே 40 டிகிரியை நெருங்கும்போது, தூசி அடைத்த கூலருக்குக் கீழே பிராசசர் 90 டிகிரியைத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டு பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்து மண்ணாகியிருக்கும். சுத்தம் செய்து புதிய பேஸ்ட் வைத்தாலே பாதி நோய் தீர்ந்த வீடுகள் உண்டு. மெமரி ஒரே பட்டையாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அசெம்பிள் செய்யும் கடைகளில் செலவைக் குறைக்க 8 ஜி.பி. ஒற்றைப் பட்டையைப் போட்டு அனுப்புவது வழக்கம். இரண்டு பட்டைகள் இருந்தால்தான் பிராசசருக்கும் மெமரிக்கும் நடுவே இருவழிப் பாதை கிடைக்கும். 3200 என்று எழுதிய மெமரியை வாங்கி, பயாஸில் 'எக்ஸ்.எம்.பி.' அமைப்பை இயக்காமல் 2400-லோ 2666-லோ ஓட்டிக்கொண்டிருப்பவர்களும் பலர்.

கிடங்கு எவ்வளவு தூரம்?

விளையாட்டுக்கென்று பிராசசர் தேர்ந்தெடுக்கும்போது கேஷ் நினைவகம் ஏன் பெரிதாகப் பேசப்படுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. 4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் பிராசசருக்கு ஒரு துடிப்பு என்பது கால் நானோசெகண்ட். மெமரியிலிருந்து ஒரு தரவைக் கேட்டு வாங்க ஏறத்தாழ 70, 80 நானோசெகண்ட் ஆகும். அதாவது முந்நூறு துடிப்புகள் கைகட்டி நிற்க வேண்டும். சில்லுக்குள்ளேயே இருக்கும் எல்.3 கேஷில் அந்தத் தரவு கிடைத்துவிட்டால் சுமார் 10 நானோசெகண்டில் காரியம் முடிந்துவிடும். கேட்ட சரக்கு கடையின் பின்னறையில் இருப்பதற்கும், ஊர்க்கோடி கிடங்கிலிருந்து வண்டியில் வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

விளையாட்டில் ஆயிரக்கணக்கான சிறு பொருள்களின் நிலையை ஒவ்வொரு பிரேமிலும் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருப்பதால் பின்னறை பெரிதாக இருந்தால் பலன் நேரடியாகத் தெரிகிறது. ரைசன் 5 2600-ல் 16 எம்.பி. எல்.3 கேஷ்; ரைசன் 5 5600-ல் 32 எம்.பி. ஏ.எம்.டி. 2022 ஏப்ரலில் வெளியிட்ட ரைசன் 7 5800எக்ஸ்3டி-யில், 32 எம்.பி.யின் தலைமேல் இன்னொரு 64 எம்.பி. சில்லை மாடி கட்டுவதுபோல் அடுக்கி 96 எம்.பி. ஆக்கினார்கள். 2024 ஜனவரியில் அதன் தம்பியாக 5700எக்ஸ்3டி வந்தது. வேகம் சற்றுக் குறைவு, கேஷ் அதே 96. இவை இப்போது எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை. நல்ல விலையில் கிடைத்தால் பழைய மதர்போர்டுக்கு இவற்றைவிடச் சிறந்த விளையாட்டுப் பிராசசர் இல்லை.

கோர் எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நான்கு கோர் இன்று பல புதிய ஆட்டங்களுக்குப் போதவில்லை. ஆறு நல்ல கோர் பெரும்பாலோருக்குப் போதும். எட்டு இருந்தால் மேலும் சில ஆண்டுகள் கவலையில்லை. அதற்கு மேல் விளையாட்டுக்காக வாங்குவது, வீட்டுச் சமையலுக்குக் கல்யாண அண்டா வாங்குவது போன்றது.

குழியில் பொருந்துமா?

பிராசசர் அமரும் குழிக்கு 'சாக்கெட்' என்று பெயர். எந்தக் குழியில் எது பொருந்தும் என்பதில்தான் பணம் மிச்சமாவதும் விரயமாவதும்.

இன்டெல் 2015 முதல் 1151 முனைகள் கொண்ட சாக்கெட்டைப் பயன்படுத்தியது. 6, 7-ஆம் தலைமுறைகள் அதில் அமர்ந்தன. 2017 அக்டோபரில் வந்த 8-ஆம் தலைமுறைக்கும் அதே 1151 முனைகள்தான். ஆனால் அதைப் பழைய போர்டில் வைத்தால் இயங்காது. 300 வரிசைப் போர்டு தேவை. வடிவம் பொருந்துகிறதே என்று பழைய பொருள் சந்தையில் வாங்கி ஏமாறுவோர் இன்றும் உண்டு. 10, 11-ஆம் தலைமுறைக்கு 1200 முனைகள். 2021 இறுதியில் வந்த 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை 1700 முனைகள். ஆகவே உங்களிடம் 12-ஆம் தலைமுறையின் சிறிய ஐ3 இருந்தால், பயாஸைப் புதுப்பித்து அதே போர்டில் பெரிய ஐ5 வைக்க இடமுண்டு. ஆனால் 13, 14-ஆம் தலைமுறை உயர்ரகப் பிராசசர்கள் சிலவற்றில் நிலைகுலையும் கோளாறு இருந்ததை 2024-ல் இன்டெலே ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டு நீட்டித்தது. அவற்றைப் பழையதாக வாங்கும்போது மிகுந்த கவனம் தேவை.

ஏ.எம்.டி.யின் கதை வேறு. 2017-ல் முதல் ரைசன் அமர்ந்த ஏ.எம்.4 சாக்கெட்டிலேயே 2020-ல் தொடங்கிய 5000 வரிசையும் அமர்கிறது. தொடக்கத்தில் மிகப் பழைய 300 வரிசைப் போர்டுகளுக்கு இந்த அனுமதி இல்லை. 2022-ல் அதுவும் கிடைத்தது. ஆகவே 2018-ல் அசெம்பிள் செய்த ரைசன் கணிப்பொறி வைத்திருப்பவர், நான்கு ஆண்டு பிந்திய பிராசசரை அதே போர்டில் வைக்கலாம். போர்டுத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் உங்கள் போர்டின் பெயரைத் தேடினால் எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு வேண்டும் என்ற பட்டியல் கிடைக்கும். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத எதையும் யார் சொன்னாலும் வாங்காதீர்கள்.

ஒரு வீட்டுக் கணக்கு

எங்கள் உறவில் ஒரு குடும்பம். பையன் பத்தாம் வகுப்பு. 2018-ல் வாங்கிய ரைசன் 5 2600, பி450 போர்டு, 8 ஜி.பி. ஒற்றை மெமரி. இடையில் கார்டை மட்டும் ஆர்.டி.எக்ஸ். 3060 ஆக மாற்றியிருந்தார்கள். ஊரில் இருக்கும் சித்தப்பா பிள்ளைகளோடு இரவு ஒன்பது மணிக்கு இணையத்தில் ஆடுவது அவன் வழக்கம். வீட்டுக்கு வெளியே அவன் தமிழ் பேசுவது அந்த ஒரு மணி நேரத்தில்தான். "டேய், பின்னாடி வர்றான் பாரு", "நில்லுடா, நான் வர்றேன்" என்று அவன் கத்துவதைக் கேட்டு, அடுத்த அறையில் அவன் அம்மா சிரித்துக்கொள்வார். கூட்டமான காட்சிகளில் படம் உறைந்து உறைந்து வரவே, பையன் கொஞ்சம் கொஞ்சமாக அந்த ஆட்டத்துக்குப் போவதையே விட்டுவிட்டான். இந்த ஒரு காரணத்துக்காகவே பெரியவர்கள் இதை 'வெறும் விளையாட்டு' என்று தள்ளாமல் அக்கறை காட்டினார்கள்.

கடையில் கேட்டபோது, "போர்டு, ராம், பிராசசர் மூணும் மாத்தணும், எஸ்.எம்.பி.எஸ்.ஸும் பழசு" என்று பெரிய பட்டியல் ஒன்று எழுதித் தந்தார்கள். நான் மேலே சொன்ன சோதனைகளைப் பையனையே செய்யச் சொன்னேன். தெளிவுத்திறனைக் குறைத்தும் எஃப்.பி.எஸ். ஏறவில்லை, கார்டு பாதி உழைப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. முதலில் அதே ரகத்தில் இன்னொரு 8 ஜி.பி. மெமரியைச் சேர்த்தார்கள். கொஞ்சம் தேறியது. பிறகு பயாஸைப் புதுப்பித்து ரைசன் 5 5600 வைத்தார்கள். போர்டு, மெமரி, எஸ்.எஸ்.டி., கார்டு, எஸ்.எம்.பி.எஸ்., பெட்டி எல்லாம் பழையவைதான். உறைவது நின்றது. அதே வேளையில், அவன் ஆடும் கதை விளையாட்டு ஒன்றில், எல்லா அலங்காரமும் உச்சத்தில் வைத்தபோது, மாற்றம் சொல்லும்படி இல்லை. அங்கே எல்லை கார்டு. இரண்டு விளைவுகளுமே நம் எடைக்காரர் கணக்கின்படிதான்.

மாற்றும் முறை

கை நடுங்காத எவரும் அரை நாளில் செய்யக்கூடியதுதான். ஆனால் வரிசை முக்கியம்.

1. முக்கியமான கோப்புகளை வேறு இடத்தில் பிரதி எடுங்கள். விண்டோஸில் 'பிட்லாக்கர்' அல்லது 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' இயக்கத்தில் இருந்தால் அதன் மீட்புச் சாவியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிராசசர் மாறினால் கணிப்பொறி அதைக் கேட்கக் கூடும்.

2. பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டே செயலிழக்கலாம். யூ.பி.எஸ். இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். சில பழைய போர்டுகளில் புதிய பயாஸ் ஏறியதும் மிகப் பழைய பிராசசர்களுக்கான ஆதரவு போய்விடும். பட்டியலை முழுதாகப் படியுங்கள்.

3. பத்து நிமிடம் ஏதாவது ஆட்டம் ஓட்டிச் சூடேற்றி, பிறகு அணைத்து மின்சாரத்தைத் துண்டியுங்கள். சூட்டில் பேஸ்ட் இளகும். ஏ.எம்.4 பிராசசரின் அடியில் 1,331 மெல்லிய ஊசிகள் உள்ளன. கூலரை நேராக மேலே இழுத்தால், ஒட்டிக்கொண்ட பிராசசரும் பிடுங்கிக்கொண்டு வந்து ஊசி வளைந்துவிடும். இட வலமாக மெதுவாகத் திருகி, பிடி தளர்ந்த பிறகே எடுக்க வேண்டும்.

4. வட இந்தியக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில், கம்பளிச் சட்டையோடு இதைத் தொடாதீர்கள். நிலைமின்சாரம் சில்லைக் கெடுக்கும். பெட்டியின் உலோகத்தை அவ்வப்போது தொட்டுக்கொள்ளுங்கள்.

5. மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைச் சாக்கெட்டின் குறியோடு பொருத்தி வையுங்கள். தன் எடையிலேயே இறங்கி அமர வேண்டும். அழுத்தக் கூடாது. பிறகு நெம்புகோலை மூடி, சிறு பட்டாணி அளவு பேஸ்ட் வைத்துக் கூலரைப் பூட்டுங்கள். 5600 போன்ற 65 வாட் பிராசசருக்குச் சாதாரணக் கூலர் போதும். 5700எக்ஸ்3டி, 5800எக்ஸ்3டி ஆகியவை 105 வாட் ரகம். கூலர் உடன் வராது. நல்லதாகத் தனியே வாங்க வேண்டும்.

6. பயாஸ் புதுப்பித்ததால் பழைய அமைப்புகள் அழிந்திருக்கும். எக்ஸ்.எம்.பி.யை மீண்டும் இயக்க மறக்காதீர்கள். பிறகு முன்பு செய்த அதே சோதனைகளை அதே காட்சியில் செய்து, எண்களை எழுதி ஒப்பிடுங்கள்.

எப்போது விட்டுவிட வேண்டும்?

மடிக்கணினி என்றால் இந்தப் பேச்சே இல்லை. இன்றைய லேப்டாப்களில் பிராசசர் பலகையோடு பற்றவைக்கப்பட்டது.

இன்டெல் 7-ஆம் தலைமுறையோ அதற்கு முந்தியதோ என்றால் யோசியுங்கள். அந்தப் போர்டில் வைக்கக்கூடிய பெரிய பிராசசரும் நான்கு கோர்தான். பழைய சந்தையில் அதற்கும் நல்ல விலை சொல்வார்கள். போதாததற்கு விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாகக் கேட்பது, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெலில் 8-ஆம் தலைமுறை, ரைசனில் 2000 வரிசை முதல். இதில் ஒரு நன்மையும் உண்டு: 2017-ன் ரைசன் 1600 வைத்திருப்பவர் அதே போர்டில் 5600 வைத்தால் அந்தத் தகுதியையும் சேர்த்தே பெறுகிறார்.

முழுவதும் புதிதாக வாங்குவதானால் ஏ.எம்.5 போன்ற புதிய சாக்கெட்டுக்கு டி.டி.ஆர்.5 மெமரி வேண்டும். 2025-ன் பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. ஏ.ஐ. கணிப்பொறிக் கூடங்கள் அவ்வளவையும் வாரிக்கொண்டதே முக்கியக் காரணம். கையிலுள்ள டி.டி.ஆர்.4 பட்டைகளை வைத்துக்கொண்டே மேம்படுத்தும் வழிக்கு இதனால் மதிப்புக் கூடியிருக்கிறது.

வணிகன் என்ற முறையில் ஓர் அளவுகோல் சொல்கிறேன். பிராசசர், தேவைப்பட்டால் கூலர், கூடுதல் மெமரி ஆகிய மூன்றின் செலவும் சேர்ந்து, அதே தரத்தில் புதிய கணிப்பொறிக்கு ஆகும் தொகையில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கினால் மாற்றுங்கள். பாதியைத் தாண்டினால் பொறுத்திருந்து புதிதாக வாங்குங்கள். இடைப்பட்டதானால் பேரம் பேசுங்கள். பெட்டியோடு வரும் புதிய பிராசசருக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் உண்டு. ஜி.எஸ்.டி. பில் இல்லாமல் 'டிரே பீஸ்' என்று குறைந்த விலைக்குத் தருபவரிடம் அந்த உத்தரவாதத்தைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

கழற்றிய பழைய பிராசசரை வீணாக்காதீர்கள். பிராசசர் எளிதில் கெடும் பொருள் அல்ல. இன்னொரு வீட்டில் படிப்புக்காக அசெம்பிள் செய்யும் கணிப்பொறிக்கு அது தாராளமாகப் போதும். எதற்கும் ஆகாத பாகங்களை மட்டும் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள மின்கழிவு விதிகள் அதற்கான ஏற்பாட்டைச் செய்திருக்கின்றன. பழைய இரும்புக்காரரிடம் போடும் பலகைகள் எங்கோ ஒரு குடிசையில் அமிலத்தில் வெந்து, வேலை செய்யும் ஏழைகளின் நெஞ்சில் புகையாய்ப் போய்ச் சேருகின்றன.

முடிவாக ஒன்று. "வேணும்" என்று பிள்ளையும் "வேண்டாம்" என்று நாமும் சொல்லிக்கொண்டிருக்கும் வரை அது சண்டை. ஒரு தாளில் இரண்டு கோடு போட்டு, இப்போது எத்தனை பிரேம், கார்டு எவ்வளவு உழைக்கிறது, போர்டு எதை ஏற்கும், செலவு என்ன என்று பிள்ளையே எழுதிக்கொண்டு வந்து நம் முன் வைத்தால் அது கணக்கு. கணக்கு வைத்தால் நம் வீடுகளில் 'இல்லை' என்று சொல்பவர் குறைவு. சொன்னாலும் அதற்குக் காரணம் இருக்கும், பிள்ளைக்கும் அது புரியும். அப்படி ஒரு தாளை எழுதக் கற்றுக்கொண்ட பிள்ளை, நாளை வீடு வாங்கும்போதும் அதே தாளை எடுப்பான்.